குழியும் கிணறும்: தொழில் பார்த்துக்கொண்டே பொதுச் சுகாதாரம் படிப்போம்

கொரோனாக் காலத்தில் இந்நாட்டு முஸ்லிம்கள் அதிகம் கேட்ட சொற்களில் ஒன்று 'நிலத்தடி நீர்'. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளிவந்த 2170/8 இலக்க அதிவிசேட வர்த்தமானி, கொவிட் தொற்றினால் மரணித்தோரின் உடல்கள் எரிக்கப்படவே வேண்டும் என்று விதித்தது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. உலக சுகாதார நிறுவனமோ அதற்கு முன்பே, 2020 மார்ச் 24ஆம் திகதிய இடைக்கால வழிகாட்டலில், அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று கூறியிருந்தது. அந்த விதியை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1ஆம் திகதி மேற்கொண்டு விசாரிக்க அனுமதி வழங்காமல் தள்ளுபடி செய்தது. பிறந்து இருபது நாளேயான பச்சைக் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வந்த புதிய வர்த்தமானியோடுதான் அடக்கம் செய்யும் உரிமை திரும்பியது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகர் மண்ணுக்கு வந்து சேர்ந்தன.

அந்தப் பத்தரை மாதத்தில் எங்கட ஆக்கள் அழுதார்கள், துஆக் கேட்டார்கள், வழக்குப் போட்டார்கள், வெள்ளைத் துணி கட்டி நின்றார்கள். எல்லாமே தேவையானவைதான். அதே நேரம், 'நிலத்தடி நீர்' என்று சொன்னவர்களிடம் "எந்த வழியாக? எத்தனை நாளில்? எந்த ஆய்வின்படி?" என்று அமைதியாகத் திருப்பிக் கேட்கக்கூடியவர்கள் நம்மிடையே மிகக் குறைவாகவே இருந்தார்கள். சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் அடக்கத்துக்கு இடமளிக்கலாம் என்று சொன்ன பிறகுதான், அந்தக் கேள்விகளின் வடிவமே நம்மில் பலருக்குப் புரிந்தது.

அந்தக் கேள்விகளைக் கேட்கும் கலைக்குப் பெயர் பொதுச் சுகாதாரம். ஆசிரியர், மௌலவி, கடைக்காரர், கணக்காளர், பொறியியலாளர், நகர சபை உத்தியோகத்தர் என்று வேலையில் இருக்கிற எவரும் அதன் அடிப்படையை மாலை நேரத்தில் படித்துக்கொள்ளலாம். அதில் என்ன இருக்கிறது, எப்படிப் படிப்பது என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 'நிலத்தடி நீர்' வாதம் நமது மையித்துகளுக்கு எதிராகத் தவறாகப் பாவிக்கப்பட்டது உண்மை. ஆனால் நிலத்தடி நீர் மாசடைவது என்ற பிரச்சினை எங்கட வளவுகளில் நிசமாகவே இருக்கிறது. படிப்பைத் தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இது டொக்டர்மாருக்கு மட்டுமான படிப்பா?

வைத்தியம் ஒரு நோயாளியைப் பார்க்கிறது. பொதுச் சுகாதாரம் ஒரு ஊரைப் பார்க்கிறது. "இவருக்கு என்ன மருந்து?" என்பது வைத்தியரின் கேள்வி. "இந்த ஒழுங்கையில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு வந்தது? அடுத்த ஒழுங்கையில் ஏன் வரவில்லை?" என்பது பொதுச் சுகாதாரத்தின் கேள்வி. முதலாவதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். இரண்டாவதற்கு எண்ணத் தெரிந்திருக்க வேண்டும், ஊரைத் தெரிந்திருக்க வேண்டும், பொறுமை வேண்டும்.

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் கொலரா பரவிய கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், மரணங்கள் புரோட் வீதியில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே குவிந்திருப்பதைக் காட்டினார். செப்டெம்பர் 8ஆம் திகதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதிகம் சொல்லப்படாத பாதி இனித்தான் வருகிறது. அந்த வட்டாரத்துத் தேவாலயத்தில் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார் இருந்தார். ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. பிழை என்று நிரூபிக்கவே வீடு வீடாகப் போனார். யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், எப்போது நோயானார்கள் என்று விசாரித்தார். முடிவில் அவர் சேர்த்த தகவலே ஸ்னோ சொன்னதை உறுதிப்படுத்தியது. அந்த வீதியின் 40ஆம் இலக்க வீட்டில் வயிற்றோட்டத்தால் இறந்த ஒரு குழந்தையின் அழுக்குத் துணி கழுவிய நீர் வீட்டு மலக்குழிக்குள் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தவரும் அவரே. தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழி கிணற்றிலிருந்து மூன்று அடிக்குள் இருந்தது.

வைட்ஹெட் டொக்டரல்ல. ஆனால் அந்த ஊரின் ஒவ்வொரு கதவும் அவருக்குத் திறந்தது. எங்கட ஊரில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்? பள்ளி இமாம் இருக்கிறார், பாடசாலை டீச்சர் இருக்கிறார், சனசமூக நிலையச் செயலாளர் இருக்கிறார்.

நமது மரபிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 18இல், கி.பி. 639 அளவில், அம்வாஸ் கொள்ளைநோய் சிரியாவில் பரவியபோது கலீபா உமர் (ரழி) அவர்கள் ஸர்க் என்ற இடத்தில் நின்று தோழர்களுடன் ஆலோசித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) எடுத்துச் சொல்ல, திரும்பிச் செல்லும் முடிவு உறுதியானது. 14ஆம் நூற்றாண்டின் பெருங்கொள்ளைநோயின்போது கிரனடாவின் அமைச்சராக இருந்த லிஸானுத்தீன் இப்னுல் கதீப், அரச வேலைகளுக்கு நடுவே ஒரு நூல் எழுதினார். நோயாளியோடு பழகியவர்களுக்கு நோய் வருவதையும் ஒதுங்கியிருந்தவர்கள் தப்புவதையும் கண்ணால் காண்கிறோம், எனவே தொற்று உண்டு என்று அதில் வாதிட்டார். மருத்துவமும் கற்றிருந்த அவர் ஒரு நிருவாகி, வரலாற்றாசிரியர், கவிஞர். தொழில் பார்த்துக்கொண்டே இதைச் செய்தவர்.

முதல் பாடம்: கோட்டுக்குக் கீழே உள்ள எண்

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் 30 பேருக்கு டெங்கு. பக்கத்து வட்டாரத்தில் 12 பேருக்கு. எது மோசம்? ஊர்ப் பேச்சில் முதலாவதுதான். இப்போது சனத்தொகையைக் கேளுங்கள். முதலாவதில் 6,000 பேர், இரண்டாவதில் 1,200 பேர். அப்படியென்டா முதலாவதில் ஆயிரத்துக்கு 5, இரண்டாவதில் ஆயிரத்துக்கு 10. புகை அடிக்கிற மெஷின் முதலில் போக வேண்டிய இடம் மாறிவிட்டது.

பாடசாலையில் படித்த பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. செய்தித்தாளும் வட்ஸ்அப்பும் எப்போதும் தொகுதியை மட்டுமே சொல்லும். "பகுதி எவ்வளவு?" என்று கேட்கப் பழகுவது பொதுச் சுகாதாரத்தின் அலிஃப். 2017இல் இலங்கையில் 186,101 டெங்கு நோயாளர் பதிவானார்கள். அப்போதைய சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 14 இலட்சம். ஆகவே ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட 9 பேர். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால், எங்கட ஊரின் நிலை நாட்டைவிட மேலா கீழா என்று ஒப்பிட முடியும்.

இதற்குத் தேவையான தரவு இரகசியமானதல்ல. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதிலுள்ள அட்டவணையில் மட்டக்களப்புக்கு ஒரு வரி, கல்முனைக்குத் தனியாக ஒரு வரி உண்டு. டெங்கு, வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், செங்கண்மாரி என்று நோய்வாரியாக எண்கள் இருக்கும். கடைசிப் பத்திகள் இரண்டையும் பார்க்கத் தவறக் கூடாது. அறிக்கைகள் நேரத்துக்கு வந்தனவா, முழுமையாக வந்தனவா என்ற வீதங்கள் அங்கேயே உள்ளன. ஒரு பிரதேசத்தில் நோய் குறைவாகத் தெரிந்தால், அது உண்மையில் குறைவா, அல்லது அறிவிப்புத்தான் குறைவா என்று யோசிக்க வைக்கும் பத்திகள் அவை.

இரண்டாம் பாடம்: எப்போது, எங்கே, யார்

வலீமாச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே வயிற்றால் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஆளுக்கொரு தீர்ப்பு வரும். "வட்டிலப்பம் பழுது", "தண்ணி சரியில்ல", "கண்ணூறு". பொதுச் சுகாதாரம் படித்தவர் செய்வது வேறு. சாப்பிட்ட 200 பேரின் பெயர்ப் பட்டியலை எடுக்கிறார். ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வருத்தம் தொடங்கியது என்று கேட்கிறார். வருத்தம் வராதவர்களிடமும் கேட்கிறார். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு இப்படி வருகிறது என்று கற்பனை செய்யுங்கள். மொத்தம் 58 பேருக்கு வருத்தம். வட்டிலப்பம் சாப்பிட்ட 150 பேரில் 44 பேருக்கு வருத்தம், அதாவது 29 வீதம். சாப்பிடாத 50 பேரில் 14 பேருக்கு வருத்தம், அது 28 வீதம். மாட்டிறைச்சிக் கறி சாப்பிட்ட 120 பேரில் 54 பேருக்கு வருத்தம், 45 வீதம். சாப்பிடாத 80 பேரில் 4 பேருக்கு மட்டும், 5 வீதம். வருத்தம் வந்தவர்களில் பெரும்பாலானோர் வட்டிலப்பம் சாப்பிட்டவர்கள்தான். ஆனாலும் குற்றவாளி வட்டிலப்பமல்ல, கறி. சாப்பிட்டவரையும் சாப்பிடாதவரையும் ஒப்பிட்டதால்தான் அது தெரிந்தது.

நேரமும் ஒரு சாட்சி. ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கினால், கையில் புண் உள்ளவர் தொட்ட உணவில் உண்டாகும் ஸ்டெஃபிலோகொக்கஸ் நஞ்சை முதலில் சந்தேகிக்கலாம். எட்டு முதல் பதினாறு மணித்தியாலத்தில், காய்ச்சலும் வாந்தியும் பெரிதாக இல்லாமல் வயிற்று முறுக்கும் வயிற்றோட்டமும் வந்தால் குளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜன்ஸ் என்ற கிருமியை நினைக்க வேண்டும். இதன் வித்திகள் சமைக்கும் சூட்டிலும் சாகாது. இரவில் பெரிய கிடாரத்தில் ஆக்கிய இறைச்சி விடியும்வரை மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். கறியைச் சூடாகவே வைத்திருப்பது, அல்லது சிறு பாத்திரங்களில் பிரித்து விரைவாகக் குளிரவைத்துப் பரிமாறுமுன் நன்றாகக் கொதிக்க வைப்பது, இவ்வளவுதான் பரிகாரம். கந்தூரியும் கலியாணமும் நடக்கிற ஊர்களில் சமையல்காரர் ஒருவருக்கு இதை விளங்கப்படுத்திவிட்டால் ஆயிரம் சஹனுக்குப் பாதுகாப்பு.

மூன்றாம் பாடம்: எந்த வழியாக?

நோய் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வழி வேண்டும். கிருமி எங்கே இருக்கிறது, எந்த வழியாக வெளியே வருகிறது, எதில் பயணிக்கிறது, எந்த வழியாக அடுத்தவருக்குள் போகிறது என்பது ஒரு சங்கிலி. எந்த வளையத்தை அறுத்தாலும் பரவல் நிற்கும். ஒவ்வொரு நோய்க்கும் இந்தச் சங்கிலியை எழுதிப் பார்ப்பது பெரும் பயிற்சி.

ஜனாஸா விவகாரத்தை இந்தக் கண்ணால் பார்ப்போம். கொவிட் பிரதானமாகச் சுவாசத்தால் பரவும் நோய். வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும். மரணித்த உடலில் அது பெருகாது, காலம் போகப் போக அழியும். மண்ணுக்குள் ஆறடி ஆழத்தில் இருந்து நீருக்கு, நீரிலிருந்து ஒருவரின் சுவாசப்பைக்கு என்ற சங்கிலியை எழுதப் பார்த்தால் ஒவ்வொரு வளையமும் அறுந்து கிடக்கிறது. அத்தோடு இன்னொரு கேள்வி. உயிரோடிருக்கும் கொவிட் நோயாளியின் மலத்திலும் வைரசின் கூறுகள் வெளியேறுவது அன்றே தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கான நோயாளர் தங்கள் வீட்டு மலசலகூடத்தைத்தான் பாவித்தார்கள். நிலத்தடி நீர்தான் உண்மையான கவலையென்றால் முதலில் பார்க்க வேண்டியது மையவாடியையா, மலக்குழியையா?

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தபோது சுட்டிய ஆய்வுகளும் இதையே சொல்லின. மேற்பரப்பு நீரில் வைரஸ் சேர்வதற்குக் காரணம் மலமும் சிறுநீருமே தவிர, பாதுகாப்பான அடக்கமல்ல. மன்னிப்பு வந்தது. எரிக்கப்பட்டவர்கள் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மையித்தும் கிடைக்காது என்று பயந்து வீட்டிலேயே கிடந்தவர்களின் கணக்கு எந்த அறிக்கையிலும் இல்லை. சுகாதாரத் துறை மீது நமது மக்களுக்கு அந்நேரம் விழுந்த சந்தேகம் இன்னும் முழுதாக நீங்கவுமில்லை. அந்தச் சந்தேகத்துக்கு மருந்து, துறையை விட்டு விலகி நிற்பதல்ல. அதன் மொழியை நாமும் பேசக் கற்பதுதான்.

எங்கட வளவுக்குள் ஒரு கணக்கு

இனி அதே கேள்வியை நமக்கு நாமே கேட்போம். காத்தான்குடியின் நிலத்தைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணற்கீற்று. சில சதுர கிலோமீற்றருக்குள் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர். வாவிக்கரையிலுள்ள மற்ற நெருக்கமான ஊர்களும் இதற்குத் தூரமில்லை. மணலுக்கடியில் உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படைதான் எங்கட கிணறு. மணல் தண்ணீரை விரைவாக விடும். குழியில் ஊற்றியதையும் அப்படியே விடும்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி, அதாவது 15 மீற்றராவது இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மணற்பாங்கான இடத்தில் அதுவும் காணாது. இப்போது கணக்கு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் வளவு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. ஐந்து பேர்ச் என்றால் 37 அடி. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, பிறகு அதையும் பிரித்துக் கொடுக்கிற நம்மிடம் ஐந்து பேர்ச் புதுமையல்ல. அத்தகைய வளவில் கிணறும் குழியும் எதிரெதிர் மூலையில் இருந்தாலும் அடுத்த வீட்டுக் குழி நமது கிணற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நாலு பக்கமும் நாலு வீடு, நாலு குழி. அயலவரின் ஹக்கைப் பற்றிப் பேசும்போது இந்தத் தூரமும் அதில் அடங்கும்.

கொதிக்க வைத்தால் சரிதானே என்பார்கள். கிருமி சாகும், உண்மை. ஆனால் மலக்கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் நைத்திரேற்று கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லாத அளவுக்குக் குறைவு. உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழியாக வந்த பிறகும் கிணற்றை நாம் விட்டுவிடவில்லை. குளிப்பு, கழுவல், வுழூ என்று அது பாவனையில்தான் இருக்கிறது.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கும் கிணறே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளைத் தொண்டர்கள் திரும்பத் திரும்ப இறைத்து வற்ற வைத்தார்கள். மேலே இருந்த நன்னீர்ப் படை மெலிய, அடியில் கிடந்த உப்பு நீர் மேலேறியது. அளவுக்கு மிஞ்சி இறைக்காமல் மழைக்குக் காத்திருப்பதே மேல் என்று நீரியல் ஆய்வாளர் சொல்ல நேர்ந்தது.

ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் அமைப்பு

படிக்கிறவர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று, அரச அமைப்பின் படம். இலங்கையின் முதலாவது சுகாதார அலகு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. அதன் தொடர்ச்சிதான் இன்று ஊருக்கு ஊர் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, நாம் சொல்கிற எம்.ஓ.எச். ஒஃபிஸ். அதன் கீழே பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவரோடு, ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்ற நியமத்தில் குடும்ப சுகாதார உத்தியோகத்தர், ஊர்ப் பேச்சில் மிட்வைஃப் மிஸ்.

அறிவிக்க வேண்டிய நோயென்று சந்தேகித்தால் வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை எம்.ஓ.எச்.சுக்கு அனுப்புகிறார். பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்து விசாரித்து எச் 411இல் எழுதுகிறார். வாரமுடிவில் எச் 399 கொழும்புக்குப் போகிறது. மேலே சொன்ன வாராந்த அட்டவணை அங்கிருந்துதான் பிறக்கிறது. இந்த ஏற்பாட்டின் சட்ட அடித்தளம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். எரிப்பு விதியும் அதே சட்டத்தின் கீழேதான் வந்தது. ஒரே கருவி காக்கவும் செய்யும், காயப்படுத்தவும் செய்யும். பாவிக்கிறவரைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

காத்ததற்கும் சான்று உண்டு. 1963இல் நாட்டில் 17 மலேரியா நோயாளர் மட்டுமே பதிவானார்கள். வேலை முடிந்தது என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் எண் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பிறகு பல்லாண்டு உழைப்பு. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் எவருமில்லாத நிலையில், 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. இரத்தம் எடுக்க வந்தவருக்கு விரலை நீட்டிய ஒவ்வொரு உம்மாவுக்கும் அதில் பங்குண்டு.

எப்படிப் படிப்பது?

வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் போதும். இஷாவுக்குப் பிறகு இரண்டு நாள் ஒவ்வொரு மணி, விடுமுறை நாளில் ஒரு மணி. ஆறு மாதத்தில் அடிப்படை கைக்கு வரும்.

முதல் இரண்டு மாதம் எண்கள். வீதம், விகிதம், புதிய நோயாளர், இருக்கும் நோயாளர் என்ற வேறுபாடு. ஒவ்வொரு வாரமும் வாராந்த அறிக்கையில் மட்டக்களப்பு, கல்முனை வரிகளை ஒரு கொப்பியில் எழுதி வரைபு போடுங்கள். எட்டு வாரத்தில் கோடு உங்களோடு பேசத் தொடங்கும். மூன்றாம், நான்காம் மாதம் நோய் பரவும் வழிகளும் ஒப்பீட்டு முறையும். ஐந்தாம் மாதம் நீர், கழிவு, உணவு, நுளம்பு. ஏடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும் என்று தெரிந்தால், 'கிழமைக்கு ஒருக்கா' ஏன் துப்பரவு செய்யணும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறாம் மாதம் சீனி வருத்தம், பிரஷர் போன்ற தொற்றா நோய்கள்.

நூல்களில், உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பொனிற்றா, பீகிள்ஹோல், செல்ஸ்ட்ரொம் ஆகியோரின் 'அடிப்படைத் தொற்றுநோயியல்' எளிமையானது, இலவசமாகக் கிடைப்பது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் சுயகற்கைப் பாடநூல் பயிற்சிக் கணக்குகள் நிறைந்தது. கோர்செராவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் வகுப்புகளில் காணொளியாகப் படிக்கலாம். இந்திய மருத்துவ மாணவர் படிக்கும் பார்க் பாடநூல் பெரியது. தேவையான அத்தியாயத்தை மட்டும் பார்த்தால் போதும்.

ஆங்கிலம் தடை என்று சிலர் பின்வாங்குவர். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்தத் துணிச்சல் இன்றும் வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து படியுங்கள். ஒரு டீச்சர், ஒரு மௌலவி, கணக்குத் தெரிந்த ஒருவர், மருந்துக் கடைக்காரர், நகர சபையில் வேலை பார்க்கும் ஒருவர். ஒவ்வொருவரும் ஓர் அத்தியாயத்தை மற்ற நால்வருக்கும் தமிழில் சொல்லிக் கொடுக்கணும். குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டுக்குள் என்ன தண்ணீர் காய்ச்சப்படுகிறது, பிள்ளைக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பது ஆண்களுக்குத் தெரியாத பாடம்.

இரண்டு எல்லைகளைக் கவனிக்கணும். இந்தப் படிப்பு யாரையும் டொக்டராக்காது. மருந்து சொல்வது நமது வேலையல்ல. அடுத்தது, யாருக்கு என்ன நோய் என்பது அமானிதம். ஒழுங்கைப் பெயர் வரலாம், ஆள் பெயர் வெளியே வரக் கூடாது. கொவிட் காலத்தில் நோயாளியின் பெயரும் படமும் தொலைபேசியில் சுற்றியது என்ன செய்தது என்று நாமெல்லாரும் பார்த்தோம்.

ஆறு மாத முடிவில் ஒரு களவேலை. உங்கட மஹல்லாவில் ஐம்பது வீட்டைத் தெரிவு செய்யுங்கள். போயா நாளொன்றில், வீட்டாரின் சம்மதத்தோடு, கிணற்றிலிருந்து கிட்டவுள்ள குழிவரை நாடாவால் அளவெடுங்கள். அடுத்த வீட்டுக் குழியையும் விட வேண்டாம். குழியின் அடி சீமெந்து போட்டதா, வெறும் மண்ணா, கடைசியாக எப்போது பவுசர் வந்து உறிஞ்சியது, குடிப்பது எந்தத் தண்ணீர் என்று நாலே கேள்வி. எத்தனை வீட்டில் 50 அடிக்குக் குறைவு, அது ஐம்பதில் எத்தனை வீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பி.எச்.ஐ.யிடம் காட்டி, அந்தக் கிணறுகளில் சிலவற்றின் நீரைக் கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும் பரிசோதிக்கக் கேளுங்கள். பிறகு அந்த ஒரு பக்கத்தைப் பள்ளி நிருவாகத்திடமும் நகர சபையிடமும் கொண்டுபோங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர் அடி மூடிய மலக்குழி கட்ட வேண்டும் என்ற பேச்சும், உறிஞ்சும் பவுசர் ஒழுங்கைக்குள் வர வழிவிட வேண்டும் என்ற பேச்சும் அங்கிருந்து தொடங்கட்டும்.